தங்கச்சியை விட்டு வந்த வாடி

1995ஆம் ஆண்டு மாசி மாதம். யாழ்ப்பாணத்தில் சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்கள் அவை. ஷெல் சத்தம் இல்லாத காலைகள் எங்களுக்குப் பழக்கமில்லை. எங்கள் ஊரான குருநகரில் சனம் நம்பியும் நம்பாமலும் நடமாடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த அம்மா, "சண்டை திரும்பத் துவங்க முதல் என்னை ஒருக்கா வாடிக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

வாடி என்பது, மீன்பிடிக் காலத்தில் கரையிலேயே தங்கித் தொழில் செய்வதற்காகப் போடும் ஓலைக் கொட்டில்கள்தான். என் சிறு வயதில், வருடத்தில் சில மாதங்கள் அப்பா கரைவலை இழுக்க வடமராட்சி கிழக்குப் பக்கம் போவார். நாங்களும் சட்டி பானைகளோடு லொறியில் ஏறிக் கூடவே போய்விடுவோம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அங்கேதான் என் தங்கச்சி இறந்தாள். பிறந்து நாலு மாதம். வயிற்றோட்டம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் தேடி அப்பா மணலில் ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிணற்றுக்குப் பக்கத்தில், தாழம்பற்றைக்கு முன்னால் புதைத்தார்கள். அப்பா கடலோரத்தில் கிடந்த ஒரு முருகைக்கல்லை, பவளப்பாறைத் துண்டை, தூக்கி வந்து தலைமாட்டில் வைத்து, அதில் உளியால் ஒரு சிலுவை வெட்டினார்.

சில வருடங்களுக்குப் பிறகு, கடலுக்குப் போன அப்பாவும் திரும்பி வரவில்லை. படகு மட்டும் துளைகளோடு கரையொதுங்கியது.

கார்த்திகையில் இறந்தவர்களை நினைக்கும் நாளன்று ஊர்ச்சனம் எல்லாம் சேமக்காலைக்குப் போய், தங்கள் தங்கள் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். அம்மா மட்டும் போகமாட்டார். வற்புறுத்திக் கூப்பிட்ட ஒருமுறை, "நான் ஆரின்ரை தலைமாட்டிலை கொளுத்த?" என்று சீறி விழுந்தார். அப்பாவுக்குக் கல்லறை இல்லை. இருந்த ஒன்றும் எங்களால் போக முடியாத இடத்தில் இருந்தது. அதனால்தான் சண்டை நின்றதும் அம்மாவுக்கு முதலில் வாடி நினைவு வந்தது.

அம்மா பை ஒன்றில் மெழுகுதிரிகளையும் செபமாலையையும் எடுத்துக்கொண்டார். கொடிகாமம் வரைக்கும், மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு பழைய மினிபஸ்ஸில் போனோம். கூரையில் என் சைக்கிளைக் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து அம்மாவைக் கரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். வழிநெடுகத் தலையில்லாத பனைகள். கடல்நீரேரியைத் தாண்டியதும் சைக்கிள் மணலில் புதையத் தொடங்கியது. இறங்கி உருட்டிக்கொண்டே நடந்தோம். அம்மாவுக்கு முழங்கால் நோ. ஆனால் அன்றைக்கு ஒரு முறைகூட முனகவில்லை.

கடற்கரைக்கு வந்ததும் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. நான் நினைவில் வைத்திருந்த கரை அகலமானது. கருவாடு பரப்பிய பாய்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும். இப்போது அலை பற்றைகளுக்குக் கிட்டவே வந்துபோனது. கரி பிடித்த சில மரக்குற்றிகள் மணலில் துருத்திக்கொண்டு நின்றன. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம், அந்த நாளில் வலைக்குச் சொந்தக்காரராக இருந்த சம்மாட்டியின் பெயரைச் சொல்லி வாடியை விசாரித்தேன்.

"அந்த வாடியோ? அது எரிஞ்சு எத்தினை வருசம். இப்ப அதிலை மயிலிட்டிச் சனம் கொட்டில் போட்டிருக்கு. கிணறு மட்டும் கிடக்கு, போய்ப் பாருங்கோ."

மயிலிட்டிக் கரையை விட்டுத் துரத்தப்பட்டு, நாலைந்து வருடமாக இடம் இடமாக அலைந்த சனம் அது. கிணற்றைக் கண்டதும் அம்மா எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். கிணற்றடியில் நின்று தாழம்பற்றையைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கொட்டில் நின்றது.

எங்களைக் கண்டதும் கொட்டிலுக்குள் இருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். முகத்தில் பயம் அப்பியிருந்தது.

"நீங்கள் காணிக்காரரோ? அவர் கடலுக்குப் போயிட்டார். அவர் வந்தாப் பிறகு கதையுங்கோ. எங்களுக்கு வேறை போக இடமில்லை."

"இல்லைப் பிள்ளை. முந்தி நாங்களும் இதிலை வாடியிலை இருந்தனாங்கள். சும்மா பாத்திட்டுப் போக வந்தனாங்கள்" என்றார் அம்மா.

அவளுடைய முகம் கொஞ்சம் தெளிந்தது. வெயிலில் நிற்காமல் உள்ளே வரச் சொன்னாள். குனிந்து உள்ளே போனோம். மணல் தரை. ஒரு மூலையில் அடுப்பு. நடுவில், வளைமரத்தில் கட்டிய ஏணைச் சேலைக்குள் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஏணைக்குப் பக்கத்தில் முருகைக்கல் ஒன்று கிடந்தது.

"உந்தக் கல்லிலை இருங்கோ அம்மா. அதிலை இருந்துதான் நான் இவளை ஆட்டுறனான்."

கல்லின் மேற்பக்கம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. சிலுவையின் நெடுங்கோடு மட்டும் மெல்லியதாகத் தெரிந்தது. தெரியாதவர்களுக்கு அது வெறும் வெடிப்பு. அம்மா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மா கல்லில் இருக்கவில்லை. அதன் அருகே, வெறும் மணலில் மெல்ல அமர்ந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

அந்தப் பெண் தேத்தண்ணீர் வைத்தபடியே கதைத்துக்கொண்டிருந்தாள். இது அவர்கள் இருக்கும் நாலாவது இடமாம். முந்திய இடத்தில் குழந்தைக்கு ஓயாத நோய் வருத்தமாம்.

"முந்தி இவளுக்கு ஒரு கண் நித்திரை இல்லை, ஒரே அழுகை. இஞ்சை வந்தாப் பிறகுதான் நிம்மதியாப் படுக்கிறாள். இந்த இடத்தின்ரை ராசி எண்டு நினைக்கிறன்."

என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, இந்தக் கல்லு..." என்று தொடங்கிவிட்டேன். அம்மா என் தொடையில் நகம் பதியக் கிள்ளினார்.

"நல்ல இடம் பிள்ளை. கிணத்துத் தண்ணியும் உவர் இல்லை" என்று அவரே பேச்சை மாற்றினார். ஏணைச் சேலையை விலக்கிக் குழந்தையின் நெற்றியில் பெருவிரலால் மெதுவாகச் சிலுவை போட்டார். அவர்கள் சைவக்காரர்; சுவரில் பிள்ளையார் படம் தொங்கியது. ஆனாலும் அந்தப் பெண் மறுக்கவில்லை. அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஊன்றிய மற்றக் கை மட்டும் மணலை விட்டு எடுபடவில்லை.

புறப்படும்போது பையிலிருந்த மெழுகுதிரிகள் எல்லாவற்றையும் எடுத்து அவளிடம் கொடுத்தார். "மண்ணெண்ணெய் இல்லாத நேரம் கொளுத்துங்கோ." மண்ணெண்ணெய்க்கே தவமிருந்த காலம். அவள் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு திரிகூடக் கொளுத்தாமல் போகிறோமே என்று சத்தம் போட்டேன். "சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள் தானே?"

"சொல்லியிருந்தால், இண்டைக்கு இரவு அவள் அந்தப் பிள்ளையை எங்கை படுக்கப் போடுவாள்?" என்றார் அம்மா.

நீரேரிப் பக்கம் வந்ததும் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். இறங்கி, ஆளில்லாத அந்தத் தெருவோரத்தில் குந்தி, தலையில் அடித்து அழுதார். அப்பாவின் படகு வந்த அன்றுகூட அம்மா அப்படி அழுததை நான் பார்த்ததில்லை. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. அந்தக் கரைப் பக்கமும் ஷெல் விழுந்தது என்றும், கொட்டில்கள் எரிந்தன என்றும் ஆள்கள் சொன்னார்கள். யார் தப்பினார்கள், யார் போனார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஐப்பசி முடிவில் மழைக்குள் நாங்களும் குருநகரை விட்டு நடந்தோம். தென்மராட்சியில், முன்பின் அறியாத ஒருவரின் மாட்டுக் கொட்டிலில் சாக்கை விரித்துப் படுத்தோம். சில வருடங்களுக்குப் பிறகு அம்மாவும் போய்விட்டார். கடைசிவரை அவர் அந்தக் கொட்டிலைப் பற்றி ஒருவரிடமும் கதைத்ததில்லை.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும், உயிரோடு இருந்தால். தங்கச்சிக்காகச் செபிக்க முழங்காலில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறாள்; இருவரையும் பிரித்து நினைக்க இன்றுவரை என்னால் முடிந்ததில்லை.