இழுவை போன வண்டியும் நான் சொன்ன சொல்லும்

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, புனே நிக்டியில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் கணவரின் தம்பிக்குப் பெண் பார்த்திருந்தோம். கோர்படியில் பல வருடங்களாக இருக்கும் தமிழ்க் குடும்பம். இரு வீட்டாருக்கும் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் பெண்ணும் அவள் பெற்றோரும் அன்று வந்திருந்தார்கள். கொழுந்தனோ காலையில் என் டீசல் காரை எடுத்துக்கொண்டு கோபோலியில் ஒரு நண்பனைப் பார்க்கப் போனவன், வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். திரும்பும்போது கண்டாலா மலைப்பாதையில் எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி இழுவை விட்டுவிட்டதாம். ஊர்ந்து வந்தானாம்.

நான் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக் காரைப் பராமரிப்பதும் நான்தான். வந்தவர்களை உட்கார வைத்துவிட்டுக் கீழே போய், கோளாறு காட்டும் ஸ்கேனரைக் காரில் மாட்டினேன். எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவில் அழுத்தம் போதவில்லை என்று காட்டியது. அதற்குக் காரணம் எத்தனையோ இருக்கலாம். எனக்கு ஒன்றுதான் தோன்றியது.

"டர்போவைப் போக்கிட்டியா? எப்படிடா விரட்டினே?" என்றேன், கூடத்துக்குள் நுழைந்துகொண்டே.

"இல்ல அண்ணி, மெதுவாத்தான் வந்தேன். ஏத்தத்துல தானா விட்டுடுச்சு."

"அரே, விடுங்கம்மா!" என்று பெண்ணின் அப்பா சிரித்தார். "காட் ரோட் ஏத்தத்துல லாரியே மூச்சு வாங்கும். மாப்பிள்ளை என்ன பண்ணுவார், பாவம்!"

அத்துடன் விட்டிருக்கலாம். "வண்டி பொய் சொல்லாது. இவன்தான் சொல்றான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. கொழுந்தன் கை கழுவப் போனான். நாள் குறிக்காமலே அவர்கள் கிளம்பினார்கள்.

சில நாள் கழித்துப் பெண்ணின் அம்மா போன் செய்தார். "பொண்ணு யோசிக்கிறா. வேகமா ஓட்டறவர்னா சொல்லித் திருத்திக்கலாம். பொய் சொல்றவர்னா என்னம்மா பண்றதுன்னு கேக்கறா."

போனை வைத்ததும், "உன் கார் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டார் என் கணவர்.

மறுநாள் காரைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவனுக்கு உதவ அல்ல. என் சொல் சரிதான் என்று காட்டத்தான்.

டர்போவின் சுழலியைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை. எண்ணெய்க் கசிவு இல்லை. காற்றுக் குழாய்கள் எங்கும் கிழியவில்லை. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பியை, கைப்பம்பால் காற்றை உறிஞ்சி இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக ஏறி, அப்படியே நின்றது. ஆக, டர்போ நன்றாக இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டபோதுதான் அந்தக் கம்பி சோம்பியது. அதை இழுக்கும் உறிஞ்சு விசை, வழியில் எங்கோ தடைபடுகிறது.

அந்த விசையைக் கொண்டுபோகும் மெல்லிய ரப்பர் குழாயை விரலால் தொட்டபடியே பின்னால் போனேன். எஞ்சினுக்குப் பின்புறம், ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையின் அடியில், குழாய் நசுங்கிச் சப்பையாகக் கிடந்தது.

அந்தப் பட்டையைப் போட்டது நான். விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் வீட்டைச் சுத்தம் செய்த கையோடு காரையும் துடைத்து, தொங்கிய ஒயர்களையும் குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து, அழகாக இருக்கட்டும் என்று இறுக்கிக் கட்டியிருந்தேன். சூட்டில் ரப்பர் இளகி, மலையேற்றத்தில் அடைத்துக்கொண்டது. பட்டையை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் மாட்டியதும் வண்டி பழையபடி இழுத்தது.

கொழுந்தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "தப்பு என்னோடது தம்பி. நான் கட்டின கட்டுதான் நசுக்கியிருக்கு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "சரி அண்ணி. வண்டி இப்ப ஓடுதுல்ல?" மறுபடி சட்டையைத் திருப்பிப் போட்டான்.

அன்றே கோர்படிக்குப் போனேன். பெண்ணின் பெற்றோர் முன்னால் என் தப்பைச் சொல்லத் தொடங்கினேன். பெண் குறுக்கிட்டாள்.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா? என்ன சொன்னார்?"

"வண்டி ஓடுதுல்லன்னு கேட்டான்."

அவள் சிரித்துவிட்டாள். "நாள் பாக்கச் சொல்றேன் அக்கா. எனக்கும் டிரைவிங் தெரியும். ஆனா உங்க கார் மட்டும் வேண்டவே வேண்டாம்!"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இருவரும் கராடியில் குடியிருக்கிறார்கள்; எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருகிறார்கள். மழை பெய்தால் காரை எடுத்துப் போகச் சொல்வேன். "பரவாயில்ல அண்ணி, ஆட்டோ கிடைக்கும்" என்பான். கோபமில்லை, மரியாதையாகத்தான் சொல்கிறான். ஒருவனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டு மன்னிப்புக்கூட வாங்கிவிடலாம், முன்பு என் காரை எடுத்த உரிமையோடு அவனை மறுபடி எடுக்க வைக்க முடியாது என்பது, அவர்கள் நனைந்துகொண்டே தெருமுனைக்கு நடப்பதைப் பால்கனியிலிருந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உறைக்கிறது.