இன்வாய்ஸில் இல்லாத டாலர்

1. கவுண்டரில் கேட்ட கேள்வி

எல்.சி. முடிய இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இருந்த எங்கள் வங்கியின் ஃபாரின் பில்ஸ் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தேன். நரைத்த மீசைக்கார மராத்திக் கிளார்க் ஒருவர் நான் கொண்டுபோன காகிதக் கட்டை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எனக்குக் காத்திருப்பது என்றைக்குமே ஆகாது. விரலால் கவுண்டர் பலகையில் தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் நிமிர்ந்து ஒருமுறை என் விரலைப் பார்த்தார், நிறுத்தினேன். அவர் குனிந்ததும் மறுபடி ஆரம்பித்தேன்.

இன்வாய்ஸுக்கு வந்ததும் அவர் கை நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், தோல் கையுறை ஒரு ஜோடி நாற்பத்தாறு டாலரா? ரஷ்யாக்காரன் இதை மாட்டிக்கொண்டு வைரம் பொறுக்கப் போகிறானா?" என்று இந்தியில் கேட்டார்.

தாளைத் தன் பக்கமிருந்து என் பக்கம் திருப்பினார். அடிவரியில் 'டோட்டல் யு.எஸ். டாலர்ஸ்' என்று இருந்தது. அதற்கு எதிரே, ரூபாயில் இருக்க வேண்டிய தொகை. அடித்தது நான்தான்.

எக்ஸ்போர்ட் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். இன்ன காகிதங்களை இன்ன தேதிக்குள் பிசகில்லாமல் கொடுத்தால் பணம் உண்டு என்று வாங்குபவரின் வங்கி தரும் உறுதிதான் எல்.சி. ஒரு வார்த்தை பிசகினாலும் கட்டு திரும்பி வரும். கப்பல் துறைமுகத்தில் தாமதமானதால் எங்களுக்குக் காகிதம் கைக்கு வந்ததே கடைசி நாளில். கவுண்டரை இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.

2. விரலுக்குத் தெரிந்தது

அப்போது எண்பத்தாறாம் வருஷம். எங்கள் கம்பெனி தோல் சாமான் ஏற்றுமதி செய்தது. நான் ஆறு வருஷமாக டாக்குமெண்டேஷன் டைப்பிஸ்ட். தாராவியில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு செம்பூருக்குப் போனவள். மேனேஜர் சேஷன் சார், வசதியான தமிழர்கள் இருந்த மாட்டுங்காக்காரர். வேலையில் நல்ல மனிதர்தான். ஆனால் நான் வளர்ந்த இடத்தை மட்டும் அவரால் மறக்கவே முடியவில்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. வங்கிக்குப் போகும் காகிதத்தில் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. அதனால் காலையில் கை நிதானமாக இருக்கும்போதே, எட்டுத் தாளும் ஏழு கார்பனுமாகச் செருகி, எந்த இன்வாய்ஸிலும் மாறாத வரிகளை முன்கூட்டியே அடித்து அடுக்கிவைப்பேன். பிறகு சரக்கு, எண்ணிக்கை, தொகை மட்டும் நிரப்பினால் போதும். மாறாத வரிகளில் ஒன்று 'டோட்டல் யு.எஸ். டாலர்ஸ்'. ஜெர்மனிக்குப் போனாலும் டாலர், சிங்கப்பூருக்குப் போனாலும் டாலர். கடல் தாண்டினால் டாலர் என்பது என் விரலுக்கே தெரியும்.

ரஷ்யக் கணக்கு மட்டும் வேறு. அவர்கள் நமக்குக் கச்சா எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் விற்றார்கள். நாம் ரூபாய் கொடுத்தோம். அந்த ரூபாயை அவர்கள் வெளியே கொண்டுபோய் வேறு பணமாக மாற்ற முடியாது. இங்கேயே தேயிலை, துணி, தோல் சாமான் என்று வாங்கித் தீர்க்க வேண்டும். டாலருக்கு அதில் வேலையே இல்லை. இவ்வளவும் தெரிந்த நான்தான், அன்று அடுக்கிலிருந்து ஒரு செட்டை உருவி ரஷ்ய இன்வாய்ஸை நிரப்பியிருக்கிறேன்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று. சேஷன் சார் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். வாங்கும் தரப்பின் பம்பாய் ஆபீஸில் இருந்த ரஷ்ய இன்ஸ்பெக்டர் சரக்கைப் பார்த்து, எல்.சி. கேட்டபடி இன்வாய்ஸிலும் கையெழுத்தும் சீலும் போட்டிருந்தார். ஒருவர் கண்ணிலும் படவில்லை. எப்போதும் இருக்கும் வார்த்தையை யார்தான் படிக்கிறார்கள்?

ஆபீஸுக்கு ஓடினேன். அங்கே காசிம் பாய் உட்கார்ந்திருந்தார். கையுறைகளைத் தைத்தவர் அவர்தான். கடையநல்லூர்க்காரர், தாராவியில் பன்னிரண்டு மேஜை போட்டுப் பட்டறை நடத்தினார். வங்கி என்ன சொன்னது என்று கேட்கக் காலையிலேயே வந்துவிட்டார். காரணம் இருந்தது. இந்த முதல் லாட் சரக்கின் காகிதம் தேறினால்தான் இரண்டாவது லாட்டுக்கு உத்தரவு வரும். அந்த நம்பிக்கையில் அவர் தோல் வெட்டத் தொடங்கிவிட்டார். அவர்கள் கேட்ட அளவோ நம் ஊரில் யார் கைக்கும் சேராத அளவு. உள்ளே ரஷ்ய எழுத்தில் லேபிள் வேறு. அவர்கள் வாங்காவிட்டால் அதை வேறு யாரிடமும் தள்ள முடியாது. பன்னிரண்டு மேஜைக்கும் அதைவிட்டால் வேலையும் கிடையாது.

சேஷன் சார் இன்வாய்ஸைப் பார்த்தார். "என்ன லலிதா, கண்ணை எங்கே வெச்சிண்டு அடிச்சே?"

"நீங்க கையெழுத்துப் போடறப்ப எங்க வெச்சிருந்தீங்களோ அங்கதான் சார்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டேட் நீட்டிக்கச் சொல்லலாம்னா, இப்போ ரஷ்யாக்காரா யாருக்கும் எக்ஸ்டென்ஷனே கொடுக்கறதில்லையாம். போன வாரம் ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டா. புதுசா அடிச்சு, அந்த இன்ஸ்பெக்டர்கிட்டயே திரும்பவும் கையெழுத்து வாங்கணும். போடுவானோ மாட்டானோ."

காசிம் பாய்க்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன கடபட் லலிதாம்மா? என்ன சொல்லுதிய?"

"நான் ஒரு வார்த்தைய மாத்தி அடிச்சுட்டேன் பாய். இப்ப சரி பண்ணிரலாம்" என்றேன். சரி பண்ண முடியுமா என்று எனக்கே தெரியாது.

3. இன்ஸ்பெக்டரின் கதவு

புது செட்டை முழுதாக அடித்தேன். முன்கூட்டி அடித்த ஒரு தாளையும் தொடவில்லை. அவசரத்தில் ஓர் எழுத்து மாறி முதல் செட் பாழானது. இரண்டாவது சரியாக வந்தது. அடிவரியில் 'நான்-கன்வெர்டிபிள் இந்தியன் ருப்பீஸ்', அதாவது வேறு பணமாக மாற்ற முடியாத இந்திய ரூபாய், என்று அடித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் பென்சில் முனையால் தொட்டுப் பார்த்தேன். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்குக் காசிம் பாய் தானும் வருவதாகப் பிடிவாதம் பிடித்தார். டாக்ஸி மெரைன் டிரைவில் போகும்போது பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"டாலர்னு போட்டா என்னம்மா? பெரிய பணம்தான? அவன் சந்தோஷமால்லா குடுக்கணும்."

"அவங்ககிட்ட இங்க டாலரே கிடையாது பாய். நம்ம ரூபாதான் இருக்கு. எண்ணெய் வித்து வந்த ரூபா. எங்க வீட்டுக்காரரு டிராம்பே ரிஃபைனரிலதான இருக்காரு, ரஷ்யக் கணக்குல கப்பல் வந்தா சொல்லுவாரு. அந்த ரூபாய வெச்சுத்தான் உங்க கையுறைய வாங்குறாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப எங்க வீட்டு ஸ்டவ்வு எரியுறது என் கையுறைலங்கிய."

"அப்படித்தான் வெச்சுக்கோங்க."

"வீட்ல சொல்லணும். மண்ணெண்ணெய்க்கு ரேசன் கடை கியூவுல நின்னு என்னையத்தான் ஏசுதா."

அந்தப் பதற்றத்திலும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக அடுத்த சிக்னலில் என்னையே திட்டிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் பெரிய உருவம், சிவந்த முகம், அளந்து பேசும் இங்கிலீஷ். காசிம் பாயை வெளி அறையிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே போனேன். கெஞ்சுவதற்கான வாக்கியங்களை டாக்ஸியிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. பழைய செட்டை அவர் முன்னால் வைத்து அடிவரியைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். டாலர் என்ற சொல்லுக்கு நேர் கீழே அவருடைய கையெழுத்தும் சீலும் இருந்தன. அந்தச் சிவந்த முகம் வெளுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதை யார் யார் பார்த்தார்கள்?"

"வங்கிக் கிளார்க். எங்கள் மேனேஜர். வேறு யாரும் இல்லை."

ரூபாய் ஒப்பந்தத்தில் டாலர் கொடுக்கச் சொல்லித் அவர் கையெழுத்து இருந்தால் அவருடைய ஊரில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் எட்டுத் தாளிலும் கையெழுத்துப் போட்டார், சீல் குத்தினார். பிறகு பழைய தாள்களை எண்ணினார். ஏழுதான் இருந்தது.

"எட்டாவது?"

"ஆபீஸ் காப்பி. ஃபைலில் இருக்கிறது."

"எரித்துவிடுங்கள்."

சரி என்றேன். எரிக்கவில்லை, இன்றும் என் பெட்டியில் இருக்கிறது.

திரும்பும்போது டாக்ஸி ஆப்பரா ஹவுஸ் பக்கம் நெரிசலில் சிக்கிக்கொண்டது. அடுத்த டாக்ஸி கிடைக்கும் வரை நடந்தோம், ஓடினோம் என்றும் சொல்லலாம். காசிம் பாய் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனார். வழியில் நின்றவர்கள் ஒதுங்கும்படி "ஜரா பாஜூ, ஜரா பாஜூ" என்று சொல்லிக்கொண்டே போனார். கவுண்டரை அடைந்தபோது இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். மீசைக்காரர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் படிக்கும் வேகத்துக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் தேதி முத்திரையைக் குத்தினார்.

காசிம் பாய் வெளியே வந்ததும் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். "ஒரு வார்த்தைக்கு இம்புட்டு ஓட்டமா லலிதாம்மா" என்றார்.

4. இரண்டாவது கடிதம்

மூன்று மாதம் கழித்து ரஷ்யத் தரப்பிலிருந்து இரண்டாவது லாட் பற்றிய கடிதம் வந்தது. எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். தரத்தில் குறை இல்லை, விலையில் தகராறு இல்லை. 'இவ்வாண்டின் திட்டத்தில் மாற்றம்' என்று காரணம் மட்டும் ஒரே வரியில் எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவரிடம் கேட்டேன். அவர் ரிஃபைனரியில் எண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் டாங்க் ஃபார்மில் பதினைந்து வருஷம் இருந்தவர். ரஷ்யாக்காரன் இன்னும் எண்ணெய் அனுப்புகிறானா என்று கேட்டேன்.

"அனுப்புறானே. என்ன, உலகத்துல எண்ணெய் விலை பாதியா விழுந்துட்டுதுல்ல? அவனுக்கு இங்க சேருற ரூபாயும் பாதிதான்."

"ரூபாய்க்குத்தான விக்கிறான்? அப்புறம் உலக விலை விழுந்தா இங்க என்ன?"

"குடுக்கிறது ரூபா. ஒரு பீப்பாய்க்கு எவ்வளவு ரூபான்னு எதைப் பாத்துப் போடுறாங்க? உலக மார்க்கெட்டப் பாத்து. அந்த மார்க்கெட் பேசுறது டாலர்ல."

எண்ணெய் விலை இறங்கியது நாட்டுக்கு லாபம் என்று ஆபீஸில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், நானும்தான் தலையாட்டினேன். எண்ணெய் மலிந்தால் அதற்கு ஈடாகப் போகும் கையுறையும் குறையும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சேஷன் சார் கடிதத்தைக் காசிம் பாய்க்குத் தபாலில் அனுப்பச் சொன்னார். நான் கேட்கவில்லை, நேரே கொண்டுபோனேன். தாராவியில் ரேஷன் கடை முன்னால் மண்ணெண்ணெய் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அதைத் தாண்டித்தான் பட்டறைக்குப் போக வேண்டும். பன்னிரண்டு மேஜையிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

காசிம் பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கடிதத்தைப் படித்து, என் கணவர் சொன்னதையும் சொன்னேன். முடித்ததும் பாயே கணக்குப் போட்டார்.

"எண்ணெய் பாதி விலைன்னா, கையுறையும் பாதி போதும். ஆறு மேஜ."

"ஆமா பாய்."

"விலைய வெக்கிறது டாலருங்கிய."

"ஆமா."

என் கையிலிருந்த கடிதத்தை வாங்கினார். பிறகு மேஜைமேல் விரித்து, எனக்குப் படிக்க வசதியாகத் திருப்பி வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அன்று டாக்ஸியில் கேட்டது போலவே கேட்டார்.

"அன்னைக்கு அந்த வார்த்த இருந்த இடத்தக் கண்டுபிடிச்சு மாத்தினோம்லா. இதுல எங்கன இருக்குன்னு காட்டுங்க லலிதாம்மா. இதையும் மாத்தி அடிச்சிருவோம்."

நான் அந்தக் கடிதத்தை வரிவரியாகப் படித்தேன். அதில் அந்த வார்த்தை இல்லை.

ஆறு மேஜைகளை அந்த வாரமே மடக்கினார். அவற்றில் வேலை பார்த்த இரண்டு பேர் நான் வளர்ந்த சாலில், அந்த வரிசைக் குடியிருப்பில், பக்கத்து அறைக்காரர்கள். பிறகு அவர்களை எங்கேயும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

நான் ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. இப்போது எண்ணெயை அந்த நாட்டுப் பணத்தில் வாங்குகிறார்கள், இந்த நாட்டுப் பணத்தில் விற்கிறார்கள், டாலரின் காலம் முடிந்தது என்று பேப்பரில் வருகிறது. முடியட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் செய்தியைப் படித்ததும் என் விரல் மேஜையில் தட்ட ஆரம்பித்துவிடுகிறது. எந்தப் பணத்தில் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும்தான் எழுதுகிறார்கள். எந்தப் பணத்தைப் பார்த்து விலை வைத்தார்கள் என்று தேடுகிறேன், கண்ணில் படுவதில்லை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: காகிதத்தில் தப்பாக இருக்கும் வார்த்தையைத் திருத்த மூன்று மணி நேரம் போதும். காகிதத்தில் இல்லாத வார்த்தையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு டைப் அடியுங்கள். நான் கேட்காமல் அடித்தேன், ஆறு மேஜைக்கு வேலை இல்லாமல் போன பிறகுதான் கேட்டேன்.