முறிகோட்டில் ஓர் அறை

விதியை நன்கு அறிந்த ஒருவர், அதுவும் மதிப்போடு நம் வீட்டுக்கு வந்து அமர்ந்திருக்கும் ஒருவர், எல்லோர் கண்முன்னும் அந்த விதியை மீறினால் பதினைந்து வயதுப் பிள்ளை என்ன செய்யவேண்டும்? இந்தக் கேள்வியை நான் என் வரைதல் ஆசிரியரிடம் கேட்க நினைத்து, கேட்காமலே விட்டேன். கேட்டிருந்தால் அவரும் பதில் தெரியாமல் தடுமாறியிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

நான் தொழில்நுட்ப வரைதல் படித்தது என் விருப்பத்தால் அல்ல. மனைப்பொருளியல் படிப்பித்த ஆசிரியை சண்டை தொடங்கியபின் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். வேறு ஆள் வரவில்லை. எங்கள் வகுப்பில் எஞ்சியிருந்த ஐந்து பெண்பிள்ளைகளையும் அதிபர் ஆண்பிள்ளைகளின் வரைதல் வகுப்புக்குள் அனுப்பிவிட்டார். "இடியப்பம் பிழியிறதுக்கும் கிடைப்படம் கீறப்போகினமாம்" என்று பின்வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் என் கோடுகள் அவர்களுடையவற்றைவிட நேராக விழுந்தன. அந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு முழுக்கோடு. உள்ளே இருந்தும் கண்ணுக்குத் தெரியாத விளிம்புக்கு, சிறு துண்டுகளாக விட்டுவிட்டு இழுக்கும் முறிகோடு. எங்களைச் சுற்றி எதையும் நிச்சயமாகச் சொல்லமுடியாதிருந்த காலத்தில், எதற்கு எந்தக் கோடு என்பது மட்டுமாவது நிச்சயமாக இருந்தது.

அந்த வருடம் பெரியம்மாவும் பெரியப்பாவும் அவர்களது மகளான அக்காவும் தம்பலகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, துறைமுகத்துக்குப் போகும் தெருவிலிருந்த எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். அக்காவுக்கு இருபத்தாறு வயது. உப்புவெளியில் ஒரு மாப்பிள்ளை பேசிவந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் அந்த வீட்டை வந்து பார்ப்பதும் வழக்கம். ஆனால் பெரியம்மாவின் வீடு இருந்த பக்கத்துக்கு அப்போது யாராலும் போகமுடியாது. கலியாணப் பேச்சு அந்த இடத்தில் வந்து நின்றது.

"வீட்டைக் காட்டேலாது எண்டா, படத்தையாவது காட்டுவம்" என்றார் பெரியம்மா. "இவள்தானே பள்ளிக்கூடத்திலை கீறுறாள்."

நான் அளவு கேட்டேன். பெரியப்பாவுக்கு அடியும் அங்குலமும் நினைவில்லை. கால்தான் நினைவில் வைத்திருந்தது. எங்கள் முற்றத்தில் கிணற்றுக்கும் உடுப்புக் கொடிக்கும் நடுவே நின்று, "இதுதான் வாசல்" என்று கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். விறாந்தையைக் கடந்தார். கூடத்தில் பத்து எட்டு வைத்தார். அறைப்பக்கம் திரும்பினார். நான் அளவுநாடாவோடு அவருடைய பாதங்களின் பின்னால் குனிந்தபடியே போனேன். குசினி வாசல் வந்ததும் தலையைத் தாழ்த்தினார்; அந்த வீட்டில் அவருக்குத் தலை இடிக்கும் வாசல்நிலை அது ஒன்றுதான்.

"அப்பா, சுவருக்குள்ளாலை போறியள்!" என்றாள் அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

"எங்கை சுவர்? நான் கதவாலைதான் போறன்."

"கதவு இஞ்சாலை. முப்பது வரியமா இருந்த வீட்டிலை கதவு எங்கையெண்டு தெரியாது இந்த மனிசனுக்கு" என்று பெரியம்மா இறங்கிவந்தார். அவரும் நடந்தார். இருவருக்கும் கூடத்தின் அகலத்தில் ஒன்றரை அடி வேறுபட்டது. அக்காவைக் கேட்டோம்; அவள் நடந்தது மூன்றாவது அளவாக வந்தது. கடைசியில் பெரியம்மாவின் கணக்கே நின்றது, வீடு அவருடைய சீதனம் என்பதால்.

எல்லாம் முடிந்தபின் பெரியம்மா கூடத்தின் வடக்குப் பக்கமாக இன்னும் நான்கு எட்டு வைத்தார். "இது மற்ற அறை. இதையும் கீறு."

விடுமுறைக்கு அங்கே போய் நின்றவள் நான். அந்த இடத்தில் அறை இருக்கவில்லை. அரிந்து சுட்ட செங்கல் அடுக்கிக் கிடந்தது. அதன்மேல் ஏறி நாங்கள் விளையாடியிருக்கிறோம்.

"அதிலை அறை இல்லையே பெரியம்மா."

"வெள்ளாமை வெட்டினவுடனை கட்டுறதாத்தானே இருந்தது."

"கட்டாததை எப்பிடிக் கீறுறது?"

"கட்டினதைக் கீறுறமாதிரித்தான்" என்றார் பெரியம்மா.

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கீறாவிட்டால் பெரியம்மா நோவார். கீறினால், ஒரு நாள் பாதை திறக்க, மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பார்ப்பார்கள். அறை இல்லாத வீட்டுக்காக அக்கா வாழ்நாள் முழுக்கக் குத்துப்பேச்சுக் கேட்பாள். என்னுடைய ஒரு கோட்டால் அவளுக்கு அந்த நிலை வரக்கூடாது. ஆகவே, என் அறிவுக்கு எட்டியவரை நேர்மையான ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். வீடு முழுவதையும் முழுக்கோட்டில், ஒன்றுக்கு ஐம்பது அளவிடையில் வரைந்தேன். கட்டாத அறையை மட்டும் முறிகோட்டில் போட்டேன். அது வேறொன்று என்று தெரிந்தவருக்குத் தெரியும். தெரியாதவருக்கு அழகாக இருக்கும்.

தெரிந்தவரே வந்தார். மாப்பிள்ளையின் தாயோடு கூடவந்த தாய்மாமன், வீதி வேலைப் பகுதியில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். வரைபடம் வாசிப்பதே அவருடைய தொழில். முன்னறையில் என் வரைபலகையைக் கதிரைமேல் சாய்த்து வைத்தார்கள். ஓவசியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஆர் கீறினது?"

"இவதான், என்ரை தங்கச்சியின்ரை மகள்" என்றார் பெரியம்மா, குரலில் பெருமையும் பயமும் கலந்து.

"வடிவாக் கீறியிருக்கிறா. எங்கடை கந்தோரிலையும் இருக்கினம், கீறினதைத் தாங்களே வாசிக்கத் தெரியாதவை." அவருடைய விரல் வாசலால் நுழைந்து, கூடத்தைக் கடந்து, வடக்குச் சுவரில் நின்றது. "இந்த அறை ஏன் பிள்ளை ஒளிச்சு நிக்குது?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். குசினித் திரைக்குப் பின்னால் அக்காவின் கால்கள் தெரிந்தன. பொய் சொல்வதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் என்னிடம் இருந்தன, வாய்தான் வரவில்லை.

"அது... இன்னும் கட்டேல்லை. கல்லு மட்டும் அடுக்கிக் கிடக்குது."

மாப்பிள்ளையின் தாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பெரியப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணத்தைக் குழப்பிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப நீங்கள் போட்டது பிழை" என்றார் ஓவசியர். "முறிகோடு, இருக்கிற ஆனா தெரியாத விளிம்புக்கு. கட்டாததுக்கு இல்லை. உங்கடை வாத்தியார் சொல்லித் தரேல்லையோ?"

"தந்தவர்."

"பிறகென்ன? பென்சிலைத் தாங்கோ."

அழிக்கப்போகிறார் என்று நினைத்து அழிறப்பரையும் சேர்த்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. மூலைமட்டத்தை வைத்து, என் முறிகோட்டின் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போனார். ஒரு சுவர் முழுக்கோடாயிற்று. அடுத்ததும் ஆயிற்று. கூடத்திலிருந்து அறைக்கு ஒரு கதவு வைத்தார்.

"கிழக்காலை ஒரு யன்னல் விடட்டோ? காத்து வரும்."

"ரெண்டா விடன்" என்றார் மாப்பிள்ளையின் தாய். "பிள்ளை குட்டி பிறந்தா வெக்கை தாங்காதுகள்."

பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியப்பா எழுந்து, வெற்றிலைத் தட்டு எடுத்து வருவதாகச் சொல்லி, வெற்றிலைத் தட்டு இல்லாத முற்றத்துக்குப் போனார். இருட்ட முன்னம் உப்புவெளிக்குத் திரும்பவேண்டும் என்று அவர்கள் அவசரமாக நாள் குறித்தார்கள்.

அவர்கள் போனபின் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஓவசியரா இருந்துகொண்டு பிழையாக் கீறிப்போட்டார் அக்கா. நான் அழிச்சுப்போட்டுத் திருப்பிக் கீறட்டோ?"

"கிடக்கட்டும்" என்றாள் அக்கா. "தொடாதை."

அடுத்த வருடம், என் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அத்தான், அக்காவின் கணவர், பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். பெண்பார்க்க வருவதற்கு இரண்டு கிழமை முன்னர், உடைந்த மதகு ஒன்றைத் திருத்த ஓவசியரைப் பாதுகாப்போடு தம்பலகாமத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். போன இடத்தில் அவர் விசாரித்து, பெரியம்மாவின் வளவையும் பார்த்திருக்கிறார். கூடமும் இல்லை, குசினியும் இல்லை, அடுக்கிவைத்த கல்லும் இல்லை. எரிந்த நிலத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. திரும்பிய அன்றே மாப்பிள்ளையின் தாயிடம் சொல்லி, நான் வீட்டில் இல்லாத நேரம் வந்து பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டார். பெரியப்பா அன்றிரவே பெரியம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லியிருந்தார்.

என் அளவுநாடாவுக்கு முன்னால் அவர்கள் மூவரும் நடந்தது அதற்குப் பிறகு. அந்த முன்னறையில் இருந்தவர்களில், வீடு நிற்கிறது என்று நம்பி, ஓர் அறைக்காக உண்மையைக் காக்கப் போராடியவள் நான் மட்டுமே.

நான் படம் வரைந்த அந்த வருட ஆவணியிலேயே அக்காவின் கலியாணம் நடந்தது. அம்மா முன்னறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். நான் என் பலகையைக் குசினி விறாந்தைக்கு எடுத்துப்போய், பரீட்சை முடியும்வரை அங்கேயிருந்து வரைந்தேன்.