திருப்பதிக்கு ஒன்பது ராத்தல்

இலாகாப் பரீட்சையில் தேறினால் பெங்களூரிலிருந்து திருப்பதிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டேன். தேறுவேன் என்று நம்பியிருந்தால் பஸ்ஸில் வருவதாக வேண்டியிருப்பேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு புரட்டாசி அது. எங்கள் ஜீவனஹள்ளித் தெருவிலிருந்து வருஷாவருஷம் பத்துப் பேர் நடந்து போவார்கள். எதிர்வீட்டு அக்காதான் தலைமை. ரயில்வே ஃபிட்டரின் மனைவி. ஐந்து முறை நடந்தவர். நானோ ஆபீசுக்குக்கூட சைக்கிளில் போகிற குமாஸ்தா. ஆகவே, திட்டமிட்டேன்.

எடுத்துப் போகும் எதுவும் இரண்டு வேலையாவது செய்ய வேண்டும் என்பது என் விதி. பட்டாளத்துப் பழைய சாமான் கடையில் ஒரு ரப்பர் துணி வாங்கினேன்: பகலில் மழைக்கு, இரவில் படுக்க. குடை ஊன்றுகோலும் ஆகும். மூடிபோட்ட அலுமினியத் தூக்குதான் செம்பு, தட்டு எல்லாம். சோப்பைப் பாதியாக வெட்டினேன். சீப்பு வேண்டாம், எப்படியும் மொட்டைதானே. கரிக்கடைத் தராசில் பையை வைத்தேன். ஒன்பது ராத்தல்.

“அரிசி, பருப்பு?” என்றாள் மனைவி.

“எல்லாருக்கும் சேர்த்துச் சமைப்பாங்க.”

“அதை யாரு தூக்குவாங்க?”

அப்போது அது எனக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை.

ஹொஸகோட்டையில் முதல் ஓய்வு. அக்கா என் பையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, பை காலியா கீது? இந்த அரிசிய சொல்ப வெச்சிக்கோ.”

சொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம். எட்டுப் படி இருந்தது. கோலாரில் பித்தளை விளக்கு வந்து சேர்ந்தது. முல்பாகல் தாண்டி ஒரு விவசாயி, சாமிக்குப் போகிறவர்கள் என்று கும்பிட்டு, பெரிய பூசணிக்காய் ஒன்றைக் கொடுத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பலமனேரில் மழை பிடித்தபோது ரப்பர் துணி பருப்பு மூட்டைக்குப் போர்வையாயிற்று. குடை, முழங்கால் வலித்த ஒரு பெரியவரிடம் போயிற்று. என் சாமான் ஒவ்வொன்றும் நான் நினைத்ததைவிட அதிக வேலை செய்தது, எனக்கு மட்டும் செய்யவில்லை.

மலையடிவாரத்தில் பையின் வார் அறுந்தது. நானும் அறுந்தேன்.

“இனிமே யார் சாமானையும் நான் தூக்க மாட்டேன்!”

அரிசியை ஒருவர், விளக்கை ஒருவர் என்று எடுத்துக்கொண்டார்கள். பூசணிக்காயை அக்கா தலையில் வைத்துக்கொண்டார். நான் பையை இடுக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் விறுவிறுவென்று ஏறினேன். கோவிந்தா போடக்கூடத் துணைக்கு ஆளில்லை. மேலே சத்திரத்து வாசலில் உட்கார்ந்து வெறும் தூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசி காதை அடைத்தது.

வெகுநேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். வந்ததும் அடுப்பு மூட்டினார்கள். அக்கா ஒன்றும் கேட்காமல் என் தூக்கை வாங்கி, சோறும் பூசணிக் குழம்புமாக நிரப்பி முதலில் என்னிடம் நீட்டினார். முழுவதையும் தின்று முடித்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது.

மறுநாள் இறங்கும்போது, விளக்கைக் கொடுங்கள் என்று நானே போய்க் கேட்டேன்.

“வேணாம் சார், எறங்கறது சுலுவுதானே,” என்றார் அக்கா.

அதுவரை அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை.