வெரோனிகா டீச்சரின் சுடர்

சுடர் குனியவில்லை. “இன்னொரு தரம் சொல்லுங்க சார். பென்,” என்று கிசுகிசுக்கிறார் வெரோனிகா டீச்சர். சொல்கிறேன். வாய்க்கு ஒரு சாண் தள்ளி எரிகிற மெழுகுவத்தி என்னை மதிப்பதாகவே இல்லை. “உங்க பென்னுக்கு மூச்சு பத்தல. பென்னுக்குச் சுடர் குனியணும், பெல்லுக்கு நிமிர்ந்து நிக்கணும்.” நமக்கு இரண்டுக்கும் ஒரே ப. நாற்பத்து மூன்று வயசில் ஒரு மெழுகுவத்தியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று ஆத்தில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்லவில்லை.

நான் அச்சாபீஸில் புரூஃப் பார்க்கிறவன். இங்கிலீஷில் ஒரு கமா இடம் மாறினாலும் என் கண் பிடித்துவிடும். வாயைத் திறந்தால்தான் வம்பு. மானேஜர் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். பத்து வருஷம் பொறுத்துப் பார்த்தேன். போன மாசி மாசம் மயிலாப்பூரிலிருந்து நடந்து போய், சாந்தோமில் இந்தச் சின்ன வீட்டின் கதவைத் தட்டினேன்.

டீச்சருக்கு முப்பது வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, சாயம் போன புடவை, குனிந்த தலை. வகுப்பு சாயங்காலம் நாலு மணிக்கு. கடற்காற்று சுடரை ஆட்டிவிடும் என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவார். வெளியே வெயில் கொளுத்தும்; உள்ளே இருட்டும் மெழுகு வாசனையும். சுவரில் இங்கிலீஷ் எழுத்துப் படம் ஒன்று தொங்குகிறது. அதை யாரும் பார்க்க முடியாது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலக் கடைசியில் மாதா கோயிலில் சுரூபச் சிலைகளை மூடுவார்களே, அதே மாதிரி ஊதாத் துணி போட்டு மூடியிருக்கிறார். நாற்பது நாள் எழுத்துக்கு விரதம். நாற்பதாம் நாள்தான் துணி விலகும்.

“எழுத்து பொய் சொல்லும் சார். கண்ணு அதை நம்பிடும். முதல்ல காது, அப்புறம் வாய். கண்ணு கடைசியில வரட்டும்.” எழுத்தை நம்பியே வயிறு வளர்க்கிற எனக்கு இதைக் கேட்டுக் கோபம்தான் வந்தது. ஆனாலும் மறுநாள் போனேன்.

ஒரு விசித்திரம் முதல் நாளே கண்ணில் பட்டது. டீச்சர் தமிழை மட்டும் கிசுகிசுப்பார். இங்கிலீஷ் ஒலி ஒன்றைச் சொல்லிக் காட்ட வேண்டியபோது முதுகு நிமிரும், மோவாய் உயரும், கணீரென்று, பாதி சிரிப்போடு ஒரு குரல் வரும். வேறு யாரோ அறைக்குள் வந்துவிட்டார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. உள்ளறையிலிருந்து ஒரு வயதான குரல், “ஐரின், தண்ணி குடிச்சியாம்மா?” என்றது. “யெஸ் மம்மி!” என்றது அந்தக் கணீர் குரல்.

ஐரின் யார் என்று தெருமுனையில் குடியிருக்கிற ஆம்ப்ரோஸ் என்கிறவர்தான் சொன்னார். டீச்சரின் அக்கா. ரங்கூனில் டெலிபோன் ஆபீசில் வேலை. சுடரும் கண்ணாடியும் வைத்து ஒலி பழக்குகிற வித்தை அவளுடையது. லீவில் வந்தபோது தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று நம்முடைய பட்டணமே காலியான அந்த வருஷம், ரங்கூனிலிருந்து நடந்து வந்த கூட்டத்தில் ஐரினும் இருந்தாள், ஆம்ப்ரோஸும் இருந்தார். “பாதி வழியில காய்ச்சல் சார். கைக்கண்ணாடியை என்கிட்ட குடுத்து, தங்கச்சிகிட்ட சேர்த்துடுங்கன்னா. அவளை அங்கேயே மண்ணுல வச்சிட்டு வந்தோம்,” என்றார். ‘ஹ’ வருகிறதா என்று நான் தினம் ஊதி ஆவி படியவைக்கிற கண்ணாடி அதுதான்.

உள்ளறைக் குரல் டீச்சரின் தாயார் பியாட்ரிஸ் அம்மாவுடையது. அவளுக்குக் கண் தெரியாது. சாவுச் செய்தியை எப்படிச் சொல்வது என்று டீச்சர் தவித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் முதல் மாணவர் வந்திருக்கிறார். டீச்சர் அவருக்கு, அக்கா சொல்லிக்கொடுத்தபடியே ஓர் ஒலியைச் சொல்லிக் காட்டினார். உள்ளே இருந்து அம்மா, “ஐரின்! எப்போடீ வந்தே?” என்று அழுதாளாம். இல்லை என்று சொல்ல எந்த மகளுக்கு வாய் வரும்? அன்றிலிருந்து நாலு வருஷமாய் அந்த வீட்டில் இரண்டு பெண்கள். முன்னறையில் இங்கிலீஷ் பேசுகிறவள் ஐரின், சமையலறையில் தமிழ் பேசுகிறவள் வெரோனிகா. மாணவர்கள் கூடக் கூட சமையலறைக் குரல் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

என்னோடு படிக்கிறவள் சொர்ணம். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்துக் குடிசை. கோபாலபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் ஆயா. டெலிபோன் எடுத்து நாலு வார்த்தை பேசப் பழகினால் அந்த மேஜையிலேயே உட்காரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். எழுத்து வாசனையே இல்லாத சொர்ணம் மூன்றாம் நாளே சுடரைக் குனியவைத்துவிட்டாள். “இன்னா சாரே, நெருப்பு உன் பேச்ச கேக்க மாட்டேங்குது?” என்று என்னைக் கேலி செய்வாள். பொறாமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் அவள் “பென்” என்றாள். சுடர் குனிந்து நிமிர்ந்தது. மூவரும் சும்மா இருந்தோம். ஜன்னல் சாத்தி, கதவு சாத்தி. சுடர் இன்னொரு முறை குனிந்தது, நிதானமாக, யாரோ சொல்லிப் பார்த்த மாதிரி. காற்று என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் கண்ணால் பார்த்தேன். “குட்,” என்றார் டீச்சர். எங்கள் இருவரையும் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் தெருவில் “வெரோனிகா டீச்சர்” என்று கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. இரண்டு முறை கூப்பிட வேண்டும். ஐயோ, இந்தப் பெண் நம் கண்ணெதிரே கரைந்துபோகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று எங்கள் நாற்பதாம் நாள். துணி விலக்கும்போது பியாட்ரிஸ் அம்மா வந்து ஜெபம் சொல்வது வழக்கம். சுவரைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஜெபம் சொல்லவில்லை. டீச்சர் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பி, “ஐரின், உன் தங்கச்சி ரங்கூன் போயி எத்தனை நாளாச்சு? ஒரு லெட்டர் இல்லையே. வெரோனிகா செத்துட்டாளா? மறைக்காம சொல்லு,” என்றாள்.

தமிழ் பேசுகிற மகளைக் காணாமல் தேடித்தேடி, ரங்கூன் போனவள் அவள்தான் என்று அந்த மனசு மாற்றி வைத்துக்கொண்டுவிட்டது.

சொர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. “இன்னாம்மா இது, வெரோனிகா டீச்சர் இங்கதானே கீது! உன் எதிர்லதான் குந்திக்கினு கீது!”

அம்மா கையை நீட்டித் துழாவி, டீச்சரின் உதட்டின் மேல் இரண்டு விரலை வைத்தாள். நாலு வருஷமாய் உள்ளறையிலிருந்து எல்லாப் பாடத்தையும் கேட்டவள் அவள். முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். டீச்சர் தன் பெயரையே எடுத்துக்கொண்டு, ‘வெ’ சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், ‘ஐ’ சொன்னால் வாய் அகலத் திறக்க வேண்டும் என்று செய்து காட்டுவார்.

“உன் பேரைச் சொல்லும்மா,” என்றாள்.

ஒரு பெயரைச் சொன்னால் அக்கா சாவாள். இன்னொன்றைச் சொன்னால் இவளே இல்லாமல் போவாள். சொல்லிடு தாயே, உன் பேரைச் சொல்லிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். சொர்ணம் தன் மேல்பல்லால் கீழுதட்டை அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தாள், குழந்தைக்கு எடுத்துக் கொடுப்பதுபோல.

டீச்சர் எங்களைப் பார்த்தார், சுடரைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது, மோவாய் உயர்ந்தது. அம்மாவின் விரல்களுக்குக் கீழே உதடுகள் அகலத் திறந்தன. பல் உதட்டில் படவில்லை.