ஐஸ் கரைவதற்குள்

ஊரான் வீட்டுப் பிள்ளைகளின் மலத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வருகிற பிழைப்புக்குக் 'கள உதவியாளர்' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தார்கள். "இன்னிக்கு ஆபீசுல இன்னா விசேஷம்?" என்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் யாரும் கேட்கத் துணியாத உத்தியோகம் பார்க்கிற சக பாவிகளே, நீங்களாவது கேளுங்கள்.

கள்ளக்குறிச்சியில் குடல் நோய் ஆராய்ச்சி. இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊரில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. உப்புச் சர்க்கரைத் தண்ணீருக்கும் அடங்கவில்லை, இரண்டு வீட்டில் சாவு விழுந்துவிட்டது. என்ன கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்கலாம். அதற்கு மலம் வேண்டும். அதுவும் பெட்டியில் வைத்த ஐஸ் கரைவதற்குள் லேபுக்கு வந்து சேர வேண்டும்.

நல்லதாப் பார்த்து

வீட்டுக்கு வீடு டப்பா கொடுத்தேன். மறுநாள் காலையில் எல்லாம் நிரம்பி, வாழைநாரால் கட்டி, வரிசையாக வைத்திருந்தார்கள். அடடா, என்ன பொறுப்பான ஜனம் என்று பூரித்துப்போனேன். லேபில் டாக்டரம்மா திறந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தார். ஒன்றில்கூட நோய் இல்லையாம்.

திரும்ப மலையேறினேன். காளியம்மா வீட்டில் அவள் மகன் கண்ணெல்லாம் உள்ளே போய்ப் பாயில் துவண்டு கிடந்தான். இவன் கொடுத்ததா அது என்று கேட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "கவர்மெண்டுக்குக் குடுக்கிறது, கெட்டதையா குடுப்பாங்க? ஊர்க்கவுண்டர் வூட்டுப் புள்ளது நல்லா கெட்டியா இருந்துச்சு. அதையே எல்லாரும் பங்கு போட்டுக்கினோம்."

பீ வண்டி

கெட்டதுதான் வேண்டும் என்று கையைக் காலைப் பிடித்துச் சொல்லி, அந்தப் பையனுடையதை வாங்கிக்கொண்டு ஜீப்பில் இறங்கினேன். "அவனுக்கு இன்னா நோவுன்னு சொல்லிடுவீங்கல்ல?" என்று ஜீப் வரைக்கும் கூடவே வந்தாள். மலை இறங்கிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம், ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அந்தப் பக்கம் அப்படியே இன்னும் எத்தனை மரமோ!

மறியல்காரர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. அவர்கள் கேட்டதும் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும்தான். வெயில் ஏற ஏற ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது. எங்களைப் போலவே மாட்டிக்கொண்டு நின்ற சைக்கிள்காரரிடம் இருந்த குச்சி ஐஸ் மொத்தத்தையும் வாங்கிப் பெட்டிக்குள் கொட்டினேன். அதுவும் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு வாலிபர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இது என்ன, யாருடையது, எதற்கு என்று ஒன்றுவிடாமல் சொல்லிக் கும்பிட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்: "பாலு வண்டி, பொண வண்டி வந்தா வழி வுடச் சொல்லிருக்காங்க. பீ வண்டிக்கு ஒண்ணும் சொல்லலியேண்ணே!"

ஆரஞ்சுத் தண்ணி

ஒருவழியாக லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் டப்பா ஆரஞ்சுக் கலர் வெந்நீரில் மிதந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இதுல ஒண்ணும் பாக்க முடியாது. வழி விட்டதும் அதே பையன்கிட்ட இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க."

இன்னொண்ணு

ஒரு வாரம் கழித்து மலைப்பக்க ரோட்டில் மட்டும் வழி விட்டதும் ஓடினேன். காளியம்மா வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தாள். பையன் கிடந்த பாய் அங்கே இல்லை. போன வெள்ளிக்கிழமையே போய்விட்டான். என்ன நோய் என்று அவள் கேட்டுவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"இது அவன்து இல்ல சார். பொண்ணுக்கும் நேத்துலேர்ந்து வவுத்தால போவுது. இந்தவாட்டி கெட்டதையே புடிச்சி வெச்சிருக்கேன், சீக்கிரம் எடுத்துக்கினு போங்க."

அந்த டப்பா ஐஸ் கரையாமல் வந்து சேர்ந்தது, கிருமியின் பெயரும் தெரிந்தது, அதற்கான மருந்துதான் மெட்ராஸிலிருந்து வருகிற வழியில் இன்னொரு புளியமரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.