ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஒரு சீட்

பஸ்ஸில் ஏற்றக் கூடாத பிள்ளைகளின் பட்டியலை அடிக்கிறவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷிபு அண்ணனைப் பற்றி எழுதும்போது, நான் ஏதோ ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் தேவகனி. ஒரு தனியார் பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் கட்டணப் பிரிவு என் மேசை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஃபீஸ் பாக்கி வைத்திருக்கும் மாணவர்களின் பெயர்களை பஸ் வாரியாகப் பிரித்து அச்சடித்து டிரைவர்களிடம் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் பஸ்ஸில் இடம் இல்லை. பிள்ளை ரோட்டில் நின்றால் தகப்பன் பணத்தோடு ஓடி வருவான் என்பது நிர்வாகத்தின் கணக்கு. பணம் இருக்கிற தகப்பன் முன்னாலேயே கட்டியிருப்பானே என்பது அந்தக் கணக்கில் வராது. எனக்கும் பல வருடம் வரவில்லை, சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்தது.

ஷிபு அண்ணன் எங்கள் ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். அருமனைக்காரர். பதினான்கு வருடம் சவுதியில் டிரெய்லர் ஓட்டியவர். அதை ஓட்டிய கைக்கு எங்கள் பஸ் ஒரு விளையாட்டுச் சாமான். கருங்கல் சந்தை முக்கில் ஆட்டோவும் மீன் வண்டியும் வாழைக்குலை ஏற்றிய டெம்போவும் இடித்துக்கொண்டு நிற்கும்போது, ஹாரனே அடிக்காமல் பஸ்ஸை நுழைத்துக்கொண்டு போய்விடுவார். ஹாரன் அடிக்கிறவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது அவருடைய கட்சி.

கொரோனா வருடத்தில் கம்பெனி ஆள் குறைத்தபோது ஊருக்கு வந்தார். பாதி கட்டின வீடும் சர்க்கரை நோயும்தான் மிச்சம். மூத்த மகள் ரெனிஷாவுக்குக் கவுன்சலிங்கில் எங்கள் கல்லூரி கிடைத்தது. கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். வீட்டுக் கடனில் ஐந்து தவணை தவறியிருந்ததால் கம்ப்யூட்டர் அவர் பெயரைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. மேனேஜர் நல்ல மனிதர், காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அதற்கப்புறம்தான் லைசென்ஸைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. ஆறு ஷரத்துகள். நான் அடித்ததுதான். நான்காவது ஷரத்துப்படி, பிள்ளை படித்து முடிக்கும்வரை ஊழியர் வேலையை விடக் கூடாது. விட்டாலும், கல்லூரி நீக்கினாலும், அதுவரை கொடுத்த சலுகை முழுவதையும் ஒரே தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"எல்லா வண்டியிலயும் பிரேக்கு டிரைவருக்க காலுல இருக்கும் மேடமே. இதுல மட்டும் ஓனருக்க காலுலல்லா இருக்கு" என்றார். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

இரண்டு வருடம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ரெனிஷா அப்பாவுடன் அருமனையிலேயே ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வருவாள். அவளுடைய பஸ் கட்டணம் அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும். நான் கருங்கலில் ஏறுவேன். அதே இடத்தில் என்னோடு ஏறுகிறவள் நஸீபா. ரெனிஷாவின் வகுப்புதான், படிப்பில் கெட்டி. அப்பா ஜலாலுதீன் தேங்காப்பட்டணத்தில் மீன் வியாபாரம். தினமும் காலையில் மகளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அப்படியே மீன் எடுக்கப் போவார்.

மூன்றாம் வருடம், ஆகஸ்டு மாதப் பட்டியலில் ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு ஒரே ஒரு பெயர். நஸீபா.

மறுநாள் காலை பஸ் வந்தது. நான் ஏறினேன். எனக்குப் பின்னால் அவள் படியில் ஒரு கால் வைத்தாள்.

"மக்கா, உனக்க பேரு லிஸ்ட்ல இருக்கு. இண்ணைக்கு ஏறாண்டாம்" என்றார் ஷிபு அண்ணன். சத்தமாகச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தும் சொல்லவில்லை.

அவள் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். பஸ் கிளம்பியது. நான் கைப்பையைத் திறந்து, தொலையாத ஒரு பொருளைக் கல்லூரி வரைக்கும் தேடிக்கொண்டே வந்தேன்.

அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, வரலாம். ஆனால் வழியில் ஒரு இடத்தில் மாறி ஏறி வந்து சேரும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும். முதல் பீரியட் போனால் அரை நாள் ஆப்சென்ட். எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. பணம் கட்டாத பிள்ளையைப் படிக்கவும் விடாமல் செய்கிற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் மூளை வேறு வேலைக்குப் போயிருந்தால் நாடு முன்னேறியிருக்கும்.

 மறுநாள் கருங்கலில் பஸ் நின்றதும், ரெனிஷா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா, எனக்க சீட்டுக்கு பைசா கட்டியாச்சுல்லா?"

"ஓ. எனக்க சம்பளத்துல பிடிச்சாச்சு. எதுக்கு கேக்க?"

"அப்பம் அது நம்ம சீட்டு. அதுல நஸீபா இருப்பா. நான் கவர்மெண்ட் பஸ்ஸுல வாறேன்."

"ஏட்டி, உனக்கும் அட்டெண்டன்ஸ் போவுமே!"

"அவளுக்கு நேத்து போச்சு. எனக்கு இண்ணைக்கு போவட்டு."

கீழே இறங்கி, மாட்டேன் மாட்டேன் என்ற நஸீபாவைக் கையைப் பிடித்து இழுத்துப் படியில் ஏற்றிவிட்டாள். பின்னால் ஒரு லாரி பொறுமையிழந்து கத்திக்கொண்டிருந்தது. ஷிபு அண்ணன் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ரொம்ப நேரம் முன்னாலேயே பார்த்தார். பிறகு, "பைய ஏறு மக்கா" என்றார். பெற்ற மகளை ரோட்டில் விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். அன்று முதல்முறையாக அவர் ஹாரன் அடித்துக் கேட்டேன். முன்னால் யாருமே இல்லை.

அடுத்த நாள் நஸீபா அந்த சீட்டில் உட்கார மறுத்துவிட்டாள். இருவரும் ஸ்டாப்பில் நின்று சண்டை போட்டு, கடைசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பேசி முடித்தார்கள். சீட் ஒன்று, பிள்ளைகள் இரண்டு, ஆப்சென்ட் பாதிப் பாதி. பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரும் வெளியே மூச்சு விடவில்லை. பொடிப் பயல்கள் என்று நான் நினைத்திருந்த முதலாம் வருடத்து ஆட்கள்கூட வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் நஸீபாவின் முறை. எனக்குப் பக்கத்து சீட். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"ஃபீஸ் எப்பம் கட்டுவ பிள்ள?"

"பேங்க்ல லோன் சாங்ஷன் ஆனதுதான் மேடம். முதல் ரெண்டு வருஷத்துக்கும் தந்தாங்க. இந்த வருஷத்து பைசா தரணும்னா, இஞ்சதான் படிக்கேன்னு காலேஜ்ல இருந்து ஒரு லெட்டர் வேணுமாம்."

"வாங்கிக் குடுக்க வேண்டியதுதானே?"

"ஃபீஸ் கட்டினாத்தான் லெட்டர்னு சொல்லியாச்சே."

"யாரு சொன்னது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்கதான் மேடம்."

எனக்கு ஞாபகமே இல்லை. அலுவலக ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கிறவர்களிடம் தலையை நிமிர்த்தாமல் சொல்கிற வாக்கியங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கல்வியாண்டு முதல், பாக்கி இருந்தால் எந்தச் சான்றிதழும் தரக் கூடாது என்று ஒரு சர்க்குலர் வந்திருந்தது. லெட்டர் வந்தால் வங்கி பணம் தரும், பணம் வந்தால் நான் லெட்டர் தருவேன். இந்த முடிச்சு என் மேசையில்தான் விழுந்திருந்தது. என் இழுப்பறையில் அவளுடையதையும் சேர்த்து, அடித்து முடித்துக் கையெழுத்துக்குப் போகாத லெட்டர்கள் பதினொன்று இருந்தன.

உடனே எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. நான்கு நாள் அவற்றைத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். எனக்கும் வேலை வேண்டுமே.

ஐந்தாம் நாள் சுயம்பு சாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் பஸ்களுக்குப் பொறுப்பாளர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று இறங்குகிற முகங்களைப் பட்டியலோடு சரிபார்த்திருக்கிறார். ஷிபு அண்ணனைப் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தத்தோடு என்னையும் வரச் சொன்னார்கள். ஃபைலை எடுத்தேன். இழுப்பறையைத் திறந்து அந்தப் பதினொன்றையும் அதற்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"லிஸ்ட்ல பேரு உள்ள பிள்ளைய எப்பிடி ஏத்தினீரு?" என்று ஆரம்பித்தார் சுயம்பு சார்.

"சாரே, எனக்க வண்டியில பைசா கட்டின சீட்டு அம்பத்திரண்டு. ஏறுன ஆளும் அம்பத்திரண்டுதான். ஒரு ஆளு கூடுதல் இருந்தா சொல்லுங்க."

"அது உம்ம மகளுக்க சீட்டு."

"சீட்டுக்க பைசா எனக்க சம்பளத்துல போவுது. அதுல யாரு இருக்கணும்னு பேப்பர்ல ஒண்ணும் இல்லையே. மேடத்துகிட்ட கேளுங்க, அவங்கதானே அடிச்சது."

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். மனப்பாடமாகத் தெரிந்த ஆறு ஷரத்துகளையும் ஒருமுறை புரட்டினேன். "அப்படி எதுவும் இல்லை சார்" என்றேன்.

"நாலாவது இருக்குல்லா" என்று சுயம்பு சார் அதன்மேல் விரலை வைத்தார்.

ஷிபு அண்ணன் வாய்தான் திடமாக இருந்தது. கையில் இருந்த தொப்பியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். நீக்கினால் இரண்டு வருடச் சலுகை அன்றைக்கே கடனாக மாறும். கட்ட வழி கிடையாது. ரெனிஷா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பிரின்சிபாலிடம் நியாயம் பேசினால் அவருக்கு உடனே வேறு மீட்டிங் ஞாபகம் வரும். அதனால் நான் தொகையைச் சொன்னேன்.

"சார், இந்தப் பதினொரு லெட்டர்ல நீங்க கையெழுத்துப் போட்டா, பேங்க்ல இருந்து ஏழு லட்சத்துச் சொச்சம் நம்ம கணக்குக்கு வரும். அதுல அந்தப் பிள்ளையோடதும் இருக்கு. எல்லாம் சாங்ஷன் ஆன லோன். நாமதான் லெட்டர் குடுக்காம வச்சிருக்கோம்."

"ஏழு லட்சமா? ஏன் இவ்வளவு நாள் என்கிட்ட வரல?"

"பாக்கி இருந்தா குடுக்கக் கூடாதுன்னு சர்க்குலர் சார்."

"எந்த முட்டாள் போட்ட சர்க்குலர் அது?"

நானும் சுயம்பு சாரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தோம். சர்க்குலரில் இருந்த கையெழுத்து பிரின்சிபாலுடையதுதான். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்து, பதினொன்றிலும் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். பிறகு ஷிபு அண்ணனிடம், "நீங்க போய் வண்டியப் பாருங்க" என்றார். சுயம்பு சார் ஃபைலை மூடிய சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

பணம் வர இன்னும் ஒன்பது வேலை நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் பிள்ளைகள் முறை வைத்தே வந்தார்கள். செமஸ்டர் கடைசியில் ரெனிஷாவுக்கு வருகை எழுபத்தெட்டு சதவீதம், நஸீபாவுக்கு எழுபத்தாறு. இருவரும் பரீட்சை எழுதினார்கள். லோன் வரவேண்டிய பிள்ளைகளின் பெயர் இப்போது என் பட்டியலில் ஏறுவதில்லை. லெட்டரைக் கேட்ட அன்றே கொடுத்துவிடுகிறோம். மற்றவர்களுடைய பெயர்கள் இன்னும் ஏறத்தான் செய்கின்றன. அந்தச் சண்டை பாக்கி இருக்கிறது.

நஸீபாவை இறக்கிவிட்ட அந்த முதல் நாளைப் பற்றி ஒருமுறை மட்டும் ஷிபு அண்ணனிடம் கேட்டேன்.

"பயந்து பேடிச்சிட்டேன் மேடமே" என்றார். "எனக்க பிள்ள படிக்கணும்னு அடுத்தவனுக்க பிள்ளைய ரோட்டுல நிறுத்தினேன். அப்பிடி ஒரு படிப்பு எனக்கு வேண்டாம்னு எனக்க பிள்ளையே இறங்கிக் காட்டிட்டா. பிறவு நான் எந்த மொகத்த வச்சி பேடிக்க?"

போன மே மாதம் ரெனிஷா படிப்பை முடித்தாள். திருவனந்தபுரத்தில் வேலை. நஸீபாவுக்குச் சென்னையில் கிடைத்தது. முதல் சம்பளத்திலேயே லோனில் கொஞ்சம் கட்டிவிட்டு ரசீதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். எதற்கு எனக்கு அனுப்பினாள் என்று தெரியவில்லை. ஆனால் அழுதேன், அது தெரியும்.

ஷிபு அண்ணன் பழைய ஒப்பந்தத்தை வாங்க வந்தார். டூரிஸ்ட் பஸ் கம்பெனி ஒன்று கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுவது எனக்குத் தெரியும். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"புதுசு ஒண்ணு அடியுங்க மேடமே. இளையவ ஸ்மைலின் பிளஸ் டூ ஜெயிச்சிட்டா. வீட்டுக் கடன ஒழுங்காக்கியாச்சு, பேங்க்ல பாதிக்கு லோன் தாறானாம். மீதி பாதிய நான் ஓட்டிக் குடுக்கேன்."

அடித்தேன். பிரின்சிபாலிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். நான்காவதைத் தாண்டினார். ஆறாவதையும் தாண்டினார். விரல் நின்றது. இந்த முறை ஏழாவது ஒன்று இருந்தது: 'கட்டணம் ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கப்படும் இருக்கையில் யார் அமர்வது என்பது ஊழியரின் விருப்பம்.'

"பிரின்சிபால் இத பாத்தாரா?"

"கையெழுத்துப் போட்டிருக்காரே."

"படிச்சாரா?"

"அத நான் கேக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.

"கொள்ளாம் மேடமே, நல்லாருக்கு" என்றார். "இப்பம் நம்ம காலுலயும் ஒரு பிரேக்கு இருக்கு."